விசில் ஊத முடியாத கண்டக்டர்

1997-இல் நான் இரண்டு நல்ல பற்களைப் பிடுங்கினேன். பல் டாக்டர் பல் பிடுங்குவதில் என்ன அதிசயம் என்று நினைப்பீர்கள். ‘நல்ல’ என்பதுதான் விஷயம். இரண்டிலும் சொத்தை கிடையாது, சீழ் கிடையாது, ஈறு கெட்டியாக இருந்தது. ஒன்றில் பழைய வெள்ளி அடைப்பு, அவ்வளவுதான். பிடுங்கி டிரேயில் போட்டபோது வேர்கள் பாடப்புத்தகப் படம் மாதிரி சுத்தமாக இருந்தன. பார்த்ததும் வயிற்றுக்குள் என்னவோ செய்தது. ஆனாலும் பஞ்சைக் கடிக்கக் கொடுத்து, “ஒரு மணி நேரம் துப்பாதீங்க அண்ணாச்சி” என்று அனுப்பிவிட்டேன்.

அப்போது நான் கோவில்பட்டியில் கிளினிக் போட்டு மூன்று வருடம். அவர் பஸ் கண்டக்டர், ஐம்பத்திரண்டு வயது. முதல் தடவை வந்தபோது வலது மேல்தாடையில் மந்தமாக ஒரு வலி என்றார். சூடாகக் காப்பி குடித்தால் கூடும், மென்றால் கூடும், சில நாள் மணிக்கணக்கில் நிற்கும், சில நாள் வரவே வராது. அவருடைய வீட்டம்மா கிராம்பு வைத்துப் பார்த்தாயிற்று, கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகையும் பிடிக்கவைத்தாயிற்று. ஊர் நம்பிக்கைப்படி விழவேண்டிய பல் புழு விழவில்லை.

தட்டிப் பார்த்தேன், எந்தப் பல்லும் கூசவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. சரி, அடைப்புக்குக் கீழே நரம்பு கெட்டிருக்கும் என்று முதல் கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால் செய்தேன். இரண்டு மாதம் வலி இல்லை. எனக்குப் பெருமை. மறுபடி வந்தது. அந்தப் பல்லையே எடுத்தேன். மூன்று மாதம் வலி இல்லை. திரும்பவும் வந்தபோது அதற்கு முன்னால் இருந்த பல்லையும் எடுத்தேன்.

அது பல் நோயே இல்லை, நரம்பு நோய் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இந்த நோய் தானாக அடங்கும், வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தலைமறைவாக இருக்கும், பிறகு சொல்லாமல் வந்து நிற்கும். நான் எதைச் செய்திருந்தாலும் அந்த இடைவெளியில் குணமானது போலத்தான் தெரிந்திருக்கும். அதைவிட மோசமாக என்னை ஏமாற்றியது என் ஊசி. எந்தப் பல் என்று சந்தேகம் வந்தால் மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்ப்போம். போட்டதும் வலி நின்றால், அங்கேதான் கோளாறு என்று முடிவு செய்வோம். அவருக்கும் போட்டேன், நின்றது. வலியைக் கிளப்பிவிடும் இடம் மரத்துப்போனாலும் வலி நிற்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு, ஜெனரேட்டரே அங்கேதான் இருக்கிறது என்று நம்பினேன்.

நாலாவது முறை வந்தபோது இடது கன்னத்தை மழுங்கச் சிரைத்திருந்தார். வலது கன்னத்தில் பத்து நாள் தாடி. காக்கிச் சட்டைக்கு மேல் துண்டை முக்காடு போலப் போட்டிருந்தார். வாயின் இடது ஓரத்தால் பேசினார்.

“விசில் ஊத முடியல தம்பி. உதட்டைக் குவிச்சாப் போதும், கரண்ட் கம்பியைக் கடிச்ச மாதிரி வெட்டுது. தகரத்தத் தட்டித்தான் வண்டிய நிப்பாட்டறேன். படியில நின்னா காத்து அடிக்குது, அதுக்கும் வெட்டுது. அடுத்த பல்லையும் எடுத்து விட்டுருங்க.”

சொல்லிக்கொண்டே இருந்தவர் நின்றார். கண் இறுகியது, முகம் ஒரு பக்கமாகச் சுருங்கியது, கை மேலே போனது. ஆனால் கன்னத்தைத் தொடவில்லை. ஒரு விரற்கடை தள்ளி அப்படியே நின்றது. பத்து விநாடி இருக்கலாம். முடிந்ததும் அவசரமாகத் தண்ணீர் கேட்டு மடக் மடக்கென்று குடித்தார். ஒரு வெட்டு வெட்டி ஓய்ந்தால் கொஞ்ச நேரம் விடும், அதற்குள் நாலு வாய் சாப்பிட்டுவிடுவதுதான் இப்போதெல்லாம் வழக்கம் என்றார்.

பல்வலிக்காரர்கள் கன்னத்தை அமுக்கிக்கொண்டு வருவார்கள். அமுக்கினால் இதமாக இருக்கும். இவர் கை கன்னத்துக்குப் பயந்து நின்றது. ஃபோர்செப்ஸை எடுத்து வைத்திருந்தேன். அந்தக் கை நின்ற இடத்தைப் பார்த்த பிறகுதான் கல்லூரியில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த ஒரு பக்கம் நினைவுக்கு வந்தது. ஞானம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். நாலு தடவை வந்தவரை நாலாவது தடவைதான் பார்த்தேன், அவ்வளவே.

மதுரையில் ஒரு நரம்பியல் டாக்டருக்குக் கடிதம் எழுதி அனுப்பினேன். பதில் சீட்டு வந்தது: டிரைஜெமினல் நியூரால்ஜியா. கீழே, மிச்சமிருக்கும் பற்களை விட்டுவைக்கும்படி ஒரு வரி. அந்தச் சீட்டைக் கொஞ்ச நாள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன், தண்டனை மாதிரி.

பேரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். முகத்தில் வரும் நரம்பு வலி என்றதும் பலரும் ‘முக நரம்பு’ என்கிறார்கள். மூளையிலிருந்து வரும் நரம்புகளில் அது ஏழாவது. முகத் தசைகளை அசைப்பது அதன் முக்கிய வேலை. அது வேலைநிறுத்தம் செய்தால் வாய் கோணும், இப்படி மின்னல் மாதிரி வெட்டாது. வலியையும் தொடுதலையும் எடுத்துப்போவது ஐந்தாவது, அதுதான் டிரைஜெமினல். நெற்றிக்கு ஒன்று, மேல்தாடைக்கு ஒன்று, கீழ்த்தாடைக்கு ஒன்று என்று மூன்று கிளை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சார்லஸ் பெல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும்வரை, முகவலிக்காக ஏழாவது நரம்பை வெட்டிய சர்ஜன்கள் இருந்தார்கள். வலி அப்படியே இருக்கும், வாய் மட்டும் கோணிப்போகும். நான் பிடுங்கியது பல்தானே என்று அப்போது ஒரு அற்ப ஆறுதல்.

பல்லைப் பலிகொடுத்ததிலும் நான் முதல் ஆள் இல்லை. 1677-இல் பாரிஸில், இங்கிலாந்துத் தூதரின் மனைவிக்கு இதே வலி. பார்க்கப் போன டாக்டர் ஜான் லாக். ஆமாம், தத்துவப் புத்தகங்களில் வரும் அதே ஜான் லாக்தான், அவர் வைத்தியமும் படித்தவர். வாய் ஒரு பக்கம் முழுக்கத் திடீர் திடீரென்று தீ பாய்கிறது என்று அந்த அம்மாள் சொன்னதை நண்பருக்குக் கடிதமாக எழுதியிருக்கிறார். அதற்குள் பற்களைப் பிடுங்கியிருந்தார்கள். முந்நூற்று இருபது வருடம் கழித்து கோவில்பட்டியில் அதே தப்பு.

கண்டக்டருக்கு மதுரையில் எழுதிக் கொடுத்தது கார்பமாசிபைன். வலிப்பு நோய் மாத்திரை. 1962-இல் ஸ்வீடனில் புளோம் என்ற டாக்டர் முகவலிக்கு இதைக் கொடுத்துப் பார்த்து எழுதிய பிறகு உலகம் முழுக்க முதல் மருந்தாகிவிட்டது. இரண்டாம் நாளே அவர் வீட்டிலிருந்து ஆள் வந்து, அண்ணாச்சி இட்லி சாப்பிடுகிறார் என்று சொல்லிவிட்டுப் போனார். பாரசிட்டமால், புரூஃபன் என்று டப்பா டப்பாவாகத் தின்றும் அசையாத வலி அது.

எனக்குத் தூக்கம் போயிற்று. வலிப்பு மாத்திரை ஏன் கன்னத்துக்குக் கேட்கிறது? மந்தமாக இருந்த வலி ஏன் ஒரு வருடம் கழித்து மின்னலாக மாறியது? சென்னையில் எம்டிஎஸ் என்ற பல் மருத்துவ மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த நண்பனுக்கு எழுதினேன். அவன் நூலகத்திலிருந்து ஜெராக்ஸ் எடுத்து ஒரு கட்டாக அனுப்பினான். அந்தக் கட்டில் திரும்பத் திரும்ப ஒரே பெயர். கெர்ஹார்ட் ஃப்ரோம். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் நரம்பியல் பேராசிரியர்.

பிட்ஸ்பர்க் என்றால் இந்த நோயைப் பொறுத்தவரை எல்லாரும் சொல்லும் பெயர் பீட்டர் ஜனெட்டா. அவர் நியூரோசர்ஜன். அவர் கதை சொல்ல வாகாக இருக்கும். 1960-களில் லாஸ் ஏஞ்சலஸில் பயிற்சி டாக்டராக இருந்தபோது, பல் மருத்துவ மாணவர்களுக்காக ஐந்தாம் நரம்பைப் பிரித்தெடுத்துக் காட்டும் வேலை அவருக்கு. மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது, நரம்பு மூளைத்தண்டிலிருந்து கிளம்பும் இடத்தில் ஒரு ரத்தக்குழாய் அதன்மேல் சாய்ந்திருப்பது கண்ணில் பட்டது. பால்டிமோரில் வால்டர் டான்டி இதை 1934-லேயே 215 பேரின் ஆபரேஷன் அனுபவத்திலிருந்து எழுதியிருந்தார். ஆனால் மூளை ஆபரேஷனில் மைக்ராஸ்கோப் இல்லாத காலம், அவ்வளவு சின்ன இடத்தில் அவர் கண்டதை மற்றவர்கள் காணவில்லை, அதனால் நம்பவும் இல்லை. ஜனெட்டா குழாயை மெதுவாக நகர்த்தி, நடுவில் பஞ்சு மாதிரி ஒன்றை வைத்து, நரம்பை வெட்டாமலே வலியை நிறுத்தினார். 1971-இல் பிட்ஸ்பர்க்கில் துறைத் தலைவரானார். அவருடைய குழு 1996-இல் வெளியிட்ட கணக்கு: 1,185 நோயாளிகள். பத்து வருடம் கழித்தும் நூற்றுக்கு எழுபது பேருக்கு மாத்திரையே இல்லாமல் வலி இல்லை. இரண்டு பேர் இறந்தார்கள். பதினாறு பேருக்கு அந்தப் பக்கக் காது போயிற்று. மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள், அது எனக்குப் பிடித்தது.

ஃப்ரோமின் கதையில் இப்படி ஒரு காட்சி கிடையாது. மூளையைத் திறந்து, இதோ குற்றவாளி என்று காட்டும் கணம் அதில் இல்லை. இருபத்தைந்து வருடத்துக்கும் மேல் பூனைகளும் மாத்திரைகளும்தான்.

ஐந்தாம் நரம்பு மூளைத்தண்டுக்குள் நுழைந்ததும் முதலில் போய்ச் சேரும் நிலையம் ஒன்று உண்டு. ஃப்ரோம் 1967-லேயே வலிப்பு மருந்துகள் அந்த நிலையத்தில் என்ன செய்கின்றன என்று எழுதியிருக்கிறார். மயக்கத்தில் இருக்கும் பூனையின் மேல்தாடை நரம்பைத் தூண்டுவார், நிலையத்தில் உள்ள செல்கள் எப்படிப் பதில் சொல்கின்றன என்று பதிவு செய்வார், மருந்து கொடுத்து மறுபடி பதிவு செய்வார். அங்கே செய்தியை மேலே ஏற்றிவிடும் வேலை ஒன்று, அடக்கிவைக்கும் வேலை ஒன்று என்று இரண்டு நடக்கின்றன. முகவலிக்குக் கேட்கும் மருந்துகள் ஏற்றிவிடுவதைக் குறைக்கின்றன, அடக்குவதைக் கூட்டுகின்றன.

எனக்கு இது உடனே பஸ் படிக்கட்டாகத்தான் தெரிந்தது. திருவிழாக் கூட்டம். கண்டக்டர் படியில் நின்று ஒவ்வொருவராக ஏற்றினால் வண்டி கிளம்பும். அவர் அசந்தால், ஒரு பொடியன் ஏறியதும் அத்தனை பேரும் முண்டிக்கொண்டு ஏறிவிடுவார்கள். கன்னத்தில் பட்ட காற்றுதான் அந்தப் பொடியன்.

ரத்தக்குழாய்தான் காரணமா, மூளைத்தண்டுதான் காரணமா என்று அப்போது கட்சி கட்டிச் சண்டை. ஃப்ரோம் சொன்னது, கோளாறு ஆரம்பிப்பது வெளியே நரம்பில், வலியாக வெடிப்பது உள்ளே நிலையத்தில் என்று. எவ்வளவோ பேருக்குக் குழாய் நரம்பைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது, ஆயுசுக்கும் வலி வருவதில்லை. குழாய் துடிக்கும் ஒவ்வொரு துடிப்புக்கும் மின்னல் அடிப்பதும் இல்லை. ஆகவே குழாய் மட்டும் பதில் ஆகாது. ஊர் கொண்டாடுவது ஜனெட்டாவை. கொண்டாடவேண்டியவர்தான். ஆனால் ஓட்டுப் போடச் சொன்னால் நான் ஃப்ரோமுக்குத்தான் போடுவேன். என் கிளினிக்கில் மைக்ராஸ்கோப் கிடையாது. அங்கே எனக்கு உதவியது அவர்தான்.

பூனையிடம் பார்த்ததை வைத்து அவர் ஒரு கணக்குப் போட்டார். பாக்லோஃபென் என்று ஒரு மருந்து. 1960-களில் வலிப்புக்காகத் தயாரித்து, வலிப்புக்கு எடுபடாமல், இறுகிப்போன தசைகளைத் தளர்த்தும் மாத்திரையாக வாழ்ந்துகொண்டிருந்தது. அந்த நிலையத்தில் இதுவும் கார்பமாசிபைன் செய்ததையே செய்தது. அப்படியென்றால் முகவலிக்கும் கேட்கவேண்டுமே? 1984-இல் சோதனை முடிவு வந்தது. பத்து நோயாளிகள், எது மருந்து எது வெறும் மாத்திரை என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. ஏழு பேருக்கு வெட்டுகள் குறைந்தன. பத்தே பேர் என்று சிரிக்கலாம். ஆனால் பெரும்பாலான மருந்துகள் யதேச்சையாக முகவலிக்கு வந்து சேர்ந்தவை. இது ஒரு கேள்வியிலிருந்து நேராக நடந்து வந்தது. அப்புறம் டிசானிடின் என்று இன்னொன்றை முயன்றார். முதலில் கேட்டது, சில மாதங்களில் வலி திரும்பியது. 1993-இல் அதையும் அப்படியே எழுதினார். தோற்ற கதையை உட்கார்ந்து எழுதும் டாக்டர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை. நான் என் கதையை எழுத இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

இதெல்லாம் ஜெராக்ஸ் கட்டில் இருந்த செய்தியாக மட்டும் நின்றிருந்தால் மறந்திருப்பேன். எட்டு மாதத்தில் கண்டக்டருக்கு மாத்திரை போதவில்லை. அளவைக் கூட்டியதும் தலை சுற்றல், கால் தள்ளாட்டம், பட்டப்பகலில் தூக்கம். மற்றவர்களுக்குச் சமாளிக்கிற விஷயம். ஓடுகிற பஸ்ஸில் ஒரு கையில் டிக்கெட் கட்டும் ஒரு கையில் சில்லறையுமாக நிற்பவருக்கு?

“கயத்தாறு திருப்பத்துல ஒரு அம்மா மடியிலேயே விழுந்துட்டேன் தம்பி. குடிச்சிருக்கான்னு பேசிக்கிட்டாங்க. வலி பரவாயில்ல போலருக்கு.”

மதுரைக்கு மறுபடி அனுப்பினேன். இந்தத் தடவை கடிதத்தில், பாக்லோஃபெனைச் சேர்த்துக் கார்பமாசிபைனைக் குறைக்க முடியுமா என்று ஒரு வரி பயந்து பயந்து எழுதினேன். பல் டாக்டர் நரம்பியல் டாக்டருக்கு மருந்து சொல்வதாவது! அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதைத்தான் செய்தார். கண்டக்டர் திரும்ப நிமிர்ந்து நின்றார். அதற்கும் தூக்கம் உண்டு, ஆனால் அவருக்கு ஒத்துப்போயிற்று. படித்துவிட்டுத் தானாக ஆரம்பிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பாக்லோஃபெனைத் திடீரென்று நிறுத்தினால் பிரமையும் வலிப்பும் வரலாம். கார்பமாசிபைன் போட்டுத் தோலில் தடிப்பு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் டாக்டரிடம் ஓடவேண்டும். ஆசியர்களில் சிலருக்கு அது தோலையே உரித்துவிடும், அதற்கான மரபணுத் தொடர்பை 2004-இல் தைவானில் கண்டுபிடித்தார்கள். ரத்தத்தில் சோடியமும் இறங்கலாம்.

அந்த ஜெராக்ஸ் கட்டில் கடைசியாக இருந்தது 1990-இல் வந்த சின்னக் கட்டுரை. நாலு பேர் சேர்ந்து எழுதியது, முதல் பெயர் ஃப்ரோம். பதினெட்டு நோயாளிகள். எல்லாருக்கும் மின்னல் வலி வருவதற்கு முன்னால் வேறொரு வலி இருந்திருக்கிறது. பல்வலி மாதிரி, சைனஸ் மாதிரி மந்தமாக, சில சமயம் மணிக்கணக்கில். தாடையை அசைத்தால், சூடாகவோ குளிர்ச்சியாகவோ குடித்தால் கிளம்பும். சில நாட்களிலிருந்து பன்னிரண்டு வருடம் வரை கழித்து அதே இடத்தில் அசல் நோய் வருகிறது. இதற்கு ‘டிரைஜெமினலுக்கு முந்தைய வலி’ என்று பேர் வைத்திருந்தார்கள். அந்தக் கட்டத்திலேயே இன்னும் ஆறு பேருக்குக் கார்பமாசிபைனோ பாக்லோஃபெனோ கொடுத்து வலியை நிறுத்தியும் இருந்தார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். சூடான காப்பி. மெல்லும்போது. மணிக்கணக்கில். நான் ரூட் கெனாலுக்கு ஊசி எடுத்த அன்றைக்கு ஏழு வருடத்துக்கு முன்பே இது அச்சாகிவிட்டது.

இந்தக் கட்டுரையைக் குறை சொல்பவர்களும் உண்டு. மின்னல் வந்த பிறகு பின்னோக்கிப் பார்த்துத்தான் ‘முந்தையது’ என்று சொல்ல முடிகிறது, வருவதற்கு முன் எப்படிச் சொல்வாய் என்பார்கள். நியாயம்தான். தாடையில் மந்தமாக வலிப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பல்தான் காரணம், எல்லாருக்கும் வலிப்பு மாத்திரை கொடுத்தால் அது வேறு கூத்து. ஆனால் எனக்கு அந்தக் கட்டுரை சொன்னது மருந்தைப் பற்றி இல்லை. தட்டினால் கூசாத, எக்ஸ்ரேயில் பேசாத பல்லை ஒரு மாதம் சும்மா விடு என்றது. அன்றிலிருந்து என் நோயாளி அட்டையில் ஒரு வரி கூடுதலாக இருக்கிறது: கை கன்னத்தைத் தொடுகிறதா? இருபத்தைந்து வருடத்தில் பதினொரு பேரை அப்படி மதுரைக்கு அனுப்பியிருக்கிறேன். அதில் நாலு பேருக்கு வேறு ஏதோ. பீஸ் வாங்காமல் திருப்பி அனுப்புவதால், இவருக்குப் பல் பிடுங்கத் தெரியாது என்று ஒரு பேரும் வந்தது. வரட்டும்.

கண்டக்டர் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. திருவனந்தபுரத்தில் செய்கிறார்கள், போய்விட்டு வரலாம் என்று மதுரை டாக்டரும் சொன்னார், நானும் சொன்னேன். “காதுக்குப் பின்னால ஓட்டை போட்டு மூளைக்குள்ள பஞ்சு வைக்கவா? போங்க தம்பி” என்று சிரித்தார். மாத்திரையோடே ஓய்வு பெற்றார். நோய் இரண்டு தடவை பல மாதம் ஒளிந்துகொண்டது, இரண்டு தடவை திரும்பியது.

2009 ஆவணியில் வந்தார். பேத்திக்குக் கல்யாணம், போட்டோவில் சிரிக்கவேண்டும், ஓட்டையாக இருக்கிற இடத்துக்குப் பல் கட்ட முடியுமா என்று. நான் போட்ட ஓட்டை. இரண்டு கன்னமும் மழுங்கச் சிரைத்திருந்தது. கடைசியாக வலி வந்து ஒன்றரை வருடம் ஆயிற்று என்றார்.

அளவெடுக்க மாவைக் குழைத்தேன். வழக்கமாகக் குழாய்த் தண்ணீரில் குழைப்பேன், அன்றைக்கு வெதுவெதுப்பாக்கி ஊற்றினேன். டிரேயை வலது பக்கமாக உள்ளே கொண்டுபோய், மேல்தாடையில் அந்த இரண்டு இடைவெளிமேல் அமுக்கிப் பிடித்தேன். மாவு இறுக இரண்டு நிமிஷம் ஆகும். அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றேன். விரலுக்கு அடியில் உதடு ஒருதரம் துடித்தது. எச்சில் விழுங்கியிருக்கிறார்.

டிரேயை எடுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு நிமிர்ந்தார்.

“என்ன தம்பி, நீங்க எதுக்கு மூச்சப் பிடிச்சிட்டு நின்னீங்க?”